முதலாமவரும் 265ஆமவரும்: உடலை வாசித்த வரலாறு ஒன்று

1963ஆம் ஆண்டுக்கான இரண்டு பட்டியல்களிலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்த கால்பந்து ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக் குழுக்கள் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்ட பட்டியல்கள். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். ஒன்று என்.எஃப்.எல். என்ற பழைய லீகினுடையது. மற்றது அதற்குப் போட்டியாக 1960இல் ஆடத் தொடங்கிய ஏ.எஃப்.எல். என்ற புதிய லீகினுடையது. லூசியானாவிலுள்ள கிராம்ப்ளிங் கல்லூரியில் ஆடிய பக் புக்கானன் என்ற ஆறடி ஏழங்குல மனிதர் இரண்டிலும் இருக்கிறார். புதிய லீகின் பட்டியலில் அவர் முதல் ஆள். பழைய லீகின் பட்டியலில் 265ஆவது ஆள். அதில் மொத்தமே 280 பேர்தான்.

போட்டி லீக் முதலில் எடுத்துவிட்ட ஆளுக்காக எதற்கு நல்ல இடத்தை வீணாக்க வேண்டும் என்று பழைய லீக் நினைத்திருக்கலாம் என்று சமாதானம் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் இரண்டு லீகுகளும் ஒரே ஆட்டக்காரருக்காகப் பணத்தைக் கொட்டி மல்லுக்கு நின்ற காலம் அது. இந்த ஆளுக்கு மட்டும் மல்லுக்கு நிற்கத் தோன்றவில்லை. ஒரே உடலை ஒரே சமயத்தில் இரண்டு கூட்டம் வாசித்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு அது எழுத்தாகவே படவில்லை. கிராம்ப்ளிங் கறுப்பினத்தவருக்கான கல்லூரி.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நாமறிந்த கால்பந்து இல்லை. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பதினோரு பேர் பந்தை முன்னே கொண்டுபோகப் பார்ப்பார்கள், எதிரே பதினோரு பேர் தடுப்பார்கள். தடுக்கும் பக்கத்தில் மூன்று நான்கு பேர் கையைத் தரையில் ஊன்றி முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். டிஃபென்சிவ் லைன்மேன் என்பார்கள். நான் முன்வரிசைக்காரர் என்றே எழுதுகிறேன். பந்து அசைந்த நொடியில் எதிர்வரிசைக்காரர்கள்மேல் மோதி, அவர்களைப் பிளந்துகொண்டு உள்ளே போவது இவர்கள் வேலை. பல சமயம் அதுகூட இல்லை. தன் உடம்பில் இரண்டு பேரைத் தாங்கி நிறுத்திக்கொள்வதுதான் வேலை, பின்னால் இருப்பவன் ஓடிவந்து ஆளை வீழ்த்திப் பெயர் வாங்கிக்கொள்வான். பந்தை எறிபவனுக்கும் பிடிப்பவனுக்கும் கணக்கு உண்டு. இவர்களுக்கு நெடுங்காலம் கணக்கே கிடையாது. பந்தை எறியுமுன் எறிபவனையே வீழ்த்துவதை 'சாக்' என்கிறார்கள். முன்வரிசைக்காரரின் உச்ச சாதனை அதுதான். அதையே லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்.

எண் இல்லாத உழைப்பை மதிப்பிட ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர்தான் ஸ்கவுட். கல்லூரி கல்லூரியாகப் போய், பயிற்சியைப் பார்த்து, படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அறிக்கை எழுதுபவர். பந்து அசைந்ததும் முதல் அடி எவ்வளவு வேகம், இடுப்பைத் தாழ்த்தி மோதுகிறானா, கை நீளமா (நீளக் கைக்காரன்தான் எதிராளியை முதலில் தொடுவான்), களைத்த பிறகும் துரத்துகிறானா. இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது தமிழ் படித்தவனுக்குப் பாதாதிகேசம் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. பாதத்தில் தொடங்கித் தலைவரை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் அதே ஒழுங்கு. என்ன, இங்கே பாட்டுடைத் தலைவன் விற்பனைக்கு.

விற்பனை என்று எழுதிவிட்டேன். இதில்தான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசும்போது ஏலம், அடிமைச் சந்தை, கண்காணிக்கும் பார்வை என்று நாம் வழக்கமாகக் கையாளும் சொற்களை வரிசையாக அடுக்கினேன். அந்த ஒப்பீட்டை அங்குள்ள கறுப்பினத்தவரே பலமுறை செய்திருக்கிறார்கள். அரைநிர்வாணமாக மேடையில் நிற்கவைத்து எடையும் உயரமும் சொல்லும்போது வேறு எது நினைவுக்கு வரும்? பேசி முடித்ததும் தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சரி தோழர், அந்தச் சந்தைக்குள்ளயே விடாம வெளிய நிறுத்தி வச்சாங்களே, அவன் கதைய எந்தத் தியரில சேப்பீங்க?" பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்தது.

டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒரு ஓட்டலில் தொடங்கியது. யோசனை பெர்ட் பெல் என்பவருடையது. பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் முதலாளி. நல்ல ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்து அவருக்குக் கட்டவில்லை. கடைசி இடத்தில் வந்த குழு முதலில் எடுக்கட்டும் என்றார். சமத்துவம் மாதிரித் தெரியும். யாருக்கிடையில் சமத்துவம் என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும். முதலாளிகளுக்கிடையில்தான். ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரே ஒரு குழுதான் விலை சொல்ல முடியும் என்று ஆக்கிவிட்டால் கூலி தானாக இறங்கும். முதன்முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் சம்பளம் படியாமல் ஆடவே போகவில்லை என்பது இந்த வரலாற்றின் நல்ல தொடக்கம். அன்று கரும்பலகையில் எழுதியிருந்தவை 90 பெயர்கள். பெரும்பாலும் பத்திரிகை படித்துச் சேர்த்தவை.

அந்தப் பலகையில் கறுப்பினத்தவர் இருக்க வழியில்லை. 1934 முதல் 1945 முடிய இந்த லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட ஆடவில்லை. எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, எழுதாமலே நடந்தது. 1946இல் தடை உடைந்த பின்னும் டிராஃப்ட்டில் ஒரு கறுப்பினத்தவர் எடுக்கப்பட 1949 ஆனது. தெற்கு மாநிலங்களின் வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்திருந்ததால் பலசாலிப் பிள்ளைகள் கறுப்பினக் கல்லூரிகளில்தான் சேர்ந்தார்கள். கிராம்ப்ளிங்கில் எடி ராபின்சன் 1941இல் பயிற்சியாளராகி 1997வரை இருந்தார். ஸ்கவுட்டுகள் அந்த ஊர்களுக்குப் போகவில்லை, போனாலும் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

டீக்கன் ஜோன்ஸ் கதையைப் பாருங்கள். தென் கரோலினாவின் கறுப்பினக் கல்லூரி ஒன்றில் படித்தவர். உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையைப் பிடுங்கிவிட்டார்கள். மிசிசிப்பியில் இன்னொரு கல்லூரிக்குப் போனார். லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் குழுவின் ஸ்கவுட்டுகள் வேறு எவனோ ஒருவனுக்காகப் படச்சுருள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவனைவிட வேகமாக ஓடும் ஒரு பெரிய உடம்பு திரையில் குறுக்கே வந்தது. 1961இல் 14ஆவது சுற்றில் எடுத்தார்கள். பின்னாளில் அந்த 'சாக்' என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். திரையில் ஓரமாகத் தெரிந்ததால் தப்பித்த ஆள். தெரியாமல் போனவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

வேறொரு கண் தேவைப்பட்டது. அது வெள்ளைக் குழுக்களுக்குள் உருவாகவில்லை. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவாகியிருந்தது. பிட்ஸ்பர்க் கூரியர் கறுப்பினத்தவரின் வார இதழ். அதில் பில் நன் விளையாட்டுப் பக்கம் எழுதினார். ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். வருஷா வருஷம் அந்தக் கல்லூரிகளுக்குப் போய்ப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிச் சேர்த்த அறிவு அது. அதே ஊரின் ஸ்டீலர்ஸ் குழு தோற்றுத் தோற்றே பெயர் வாங்கியது. நன் அந்தக் குழுவின் பக்கமே போகாமலிருந்தார். ஏன் என்று முதலாளியின் மகன் டான் ரூனி விசாரித்தபோது, தன் பட்டியலைப் பற்றி அந்தக் குழுவிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதை நன் மறைக்காமல் சொன்னார். 1960களின் பிற்பகுதியில் ரூனி அவரையே ஸ்கவுட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்ததை முன்வரிசையை மட்டும் வைத்துச் சொல்கிறேன். எல்.சி. கிரீன்வுட்: ஆர்கன்சாவின் கறுப்பினக் கல்லூரி, 1969, 10ஆவது சுற்று. எர்னி ஹோம்ஸ்: டெக்சாஸ் சதர்ன், 1971, 8ஆவது சுற்று. வடக்கு டெக்சாஸிலிருந்து முதல் சுற்றில் வந்த ஜோ கிரீனும் கிழக்கு டெக்சாஸின் டுவைட் வைட்டும் சேர நான்கு பேர். நால்வரும் கறுப்பினத்தவர். 1975 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் எதிரணி மினசோட்டா வைக்கிங்ஸ் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் மொத்தமே 17 கஜம். நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்துவந்த வைட்டும் அன்று ஆடினார். அந்தப் பத்தாண்டில் குழு நான்கு கோப்பை வாங்கியது.

நன்னின் கண் எப்படி வேலை செய்தது? ஒரு சம்பவம் அடிக்கடி சொல்லப்படுவது. முன்வரிசைக்காரரைப் பற்றியதல்ல, என்றாலும் சொல்லிவிடுகிறேன். அலபாமாவின் ஒரு கறுப்பினக் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த்தை ஸ்கவுட்டுகள் கூட்டமாகப் போய் ஓடவிட்டு நேரம் எடுத்தார்கள். தரை ஈரம். நேரம் சுமார். எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்தங்கி, காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டார். 1974இல் நான்காவது சுற்றில் எடுத்தார்கள். ஸ்டால்வொர்த் 2002இல் புகழ்மன்றத்தில் சேர்ந்தார். மற்றவர்களின் கடிகாரம் பொய் சொல்லவில்லை. தரை ஈரமாயிருந்தது என்பதை எழுத அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 10ஆவது சுற்றில் கிடைத்த ஆள் என்றால் மலிவாகக் கிடைத்த ஆள். நன் கறுப்பின உழைப்பை வெள்ளை முதலாளிக்குக் கொள்முதல் செய்து கொடுத்த தரகர் என்று ஒருவர் எழுதினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் தரகர் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறவனுக்கும், பஞ்சாயத்தில் நின்று இவன் திறமைசாலி என்று சாட்சி சொல்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். நன் இரண்டையும் செய்தார். இரண்டையும் ஒரே அறிக்கையில் செய்தார். கறுப்பிலக்கியத்தை மொழிபெயர்த்துப் படித்து வளர்ந்த சூழல் நம்முடையது. இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வதென்று மட்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

எண்ணைப் பற்றியும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் குழு ஐ.பி.எம்.மின் துணை நிறுவனம் ஒன்றிடம் போனது. கணிப்பொறிக்குத் திட்டம் எழுதியவர் இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி. அவருக்கு இந்த ஆட்டமே தெரியாது. முதலில் அவர் மாட்டிக்கொண்டது சொற்களில். ஒரு பயிற்சியாளர் சொல்லும் 'சுறுசுறுப்பு' வேறு, இன்னொருவர் சொல்வது வேறு. நூற்றுக்கணக்கான குணங்களை உடைத்துச் சேர்த்துக் கடைசியில் உடம்பின் அளவுகள் போக ஐந்தாகக் குறைத்தார்கள்: குணநலன், உடலை ஆளும் விரைவு, போட்டிமனம், மனக்கூர்மை, வெடித்துப் பாயும் வலிமை. நமக்கு உடனே எரிச்சல் வரும். ஆனால் இதே குழுதான் 1965இல் எலிசபெத் சிட்டி என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியிலிருந்து ஜெத்ரோ பக் என்ற முன்வரிசைக்காரரை 11ஆவது சுற்றில் எடுத்தது. பதினான்கு பருவம் ஆடினார். 1974இல் டென்னசி ஸ்டேட்டின் எட் ஜோன்ஸை என்.எஃப்.எல்.லின் முதல் ஆளாக எடுத்ததும் இவர்களே. புக்கானனுக்குக் கிடைக்காத இடம் பதினோரு ஆண்டு கழித்து இன்னொரு கறுப்பினக் கல்லூரி முன்வரிசைக்காரருக்குக் கிடைத்தது.

எட் ஜோன்ஸ் வந்த சமயத்தில் அந்த ஊற்று வற்றத் தொடங்கியிருந்தது. 1970களில் தெற்கத்திய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஆரம்பித்தன. நன் போய்ப் பார்த்த மைதானங்களிலிருந்து பிள்ளைகள் பெரிய மைதானங்களுக்குப் போனார்கள். கதவு திறந்தது, வீடு காலியானது.

1980களில் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் எல்லாரையும் அளக்க ஆரம்பித்தன. கம்பைன் என்ற அந்தச் சடங்கு 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. கை நீளம், உள்ளங்கை அகலம், 225 பவுண்டு இரும்பை எத்தனை தடவை தூக்குகிறான், 40 கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான். முன்வரிசைக்காரர் ஆட்டத்தில் 40 கஜம் நேராக ஓடுவது அபூர்வம், என்றாலும் ஓடவேண்டும். 1995இல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மமூலா இந்தச் சோதனைகளுக்கென்றே பயிற்சி எடுத்து அசத்தினார். ஈகிள்ஸ் குழு முன்னேறி வந்து ஏழாவதாக அவரை எடுத்தது. கைமாறிய 12ஆவது இடத்தில் டாம்பா குழு எடுத்த வாரன் சாப் புகழ்மன்றத்துக்குப் போனார். 2014இல் ஆரன் டொனால்ட் குள்ளம் என்று 13ஆவது இடம்வரை விட்டார்கள். அவர் மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாளர் ஆனார்.

நீண்டகாலம் கம்பைனில் வொண்டர்லிக் என்ற அறிவுச் சோதனையும் இருந்தது. 12 நிமிஷத்தில் 50 கேள்வி. 2022இல்தான் கைவிட்டார்கள். உள்ளே வரும்போது மூளையை அளந்தவர்கள் வெளியே போகும்போதும் அளந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மோதி மோதி மூளை பழுதான பழைய ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடு தர லீக் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. யாருக்கு எவ்வளவு பழுது என்று கணக்கிடும் முறையில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொள்ளும் சூத்திரம் ஒன்று இருந்தது. குறைவில் தொடங்கினால் இழந்தது குறைவு. இழப்பீடும் குறைவு, அல்லது இல்லை. 2020இல் இதை எதிர்த்து வழக்குப் போட்ட இருவரில் ஒருவர் கெவின் ஹென்றி. 1993 முதல் 2000 வரை ஸ்டீலர்ஸ் முன்வரிசையில் ஆடியவர். கிரீன்வுட்டும் ஹோம்ஸும் நின்ற அதே வரிசை.

2021 ஏப்ரல் டிராஃப்ட்டில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. ஜூனில் லீக் அந்தச் சூத்திரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் ஓஹையோவின் கேன்டன் நகரில் பில் நன்னைப் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.