நவம்பர் 9: ஜெர்மனி கொண்டாட முடியாத நாள்

'வரலாற்றில் இன்று'ன்னு தினமும் ஒரு பட்டியல் வருமே, எனக்கு அதுல கொஞ்சம் சலிப்பு உண்டு. ஒரு ராஜா செத்திருப்பார், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், ஒரு நடிகை பிறந்திருப்பார். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. இருக்கறது மொத்தம் 366 தேதி, நடந்ததோ லட்சக்கணக்கான சம்பவம். ஒரே டப்பாவுல நாலஞ்சு விழத்தானே செய்யும்? இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?

ஆனா ஜெர்மனியோட நவம்பர் 9 இந்த ரகம் இல்லை. அங்கே இதை 'விதியின் நாள்'னு சொல்றாங்க. விதியெல்லாம் பெரிசா இல்லைங்க, பாதிக்கு மேல மனுஷங்க செஞ்ச வேலைதான். வரிசையா பார்ப்போம்.

1918. முதல் உலகப்போர்ல ஜெர்மனி தோத்துக்கிட்டு இருக்கு. கடற்படைல கலகம், ஊர் ஊரா புரட்சி. நவம்பர் 9 மதியம் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன், மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகிட்டார்னு அறிவிச்சார். வேடிக்கை என்னன்னா, மன்னர் அதுக்கு இன்னும் சம்மதமே சொல்லலை! அவர் பெல்ஜியத்துல ராணுவத் தலைமையகத்துல உட்கார்ந்திருக்கார். கொஞ்ச நேரத்துல ஷைடமான் என்கிற சோஷலிஸ்ட் தலைவர் நாடாளுமன்றக் கட்டிடத்துல இருந்து 'இனி இது குடியரசு'ன்னு அறிவிக்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு அரண்மனைப் பக்கம் லீப்க்னெக்ட் இன்னொரு குடியரசை அறிவிச்சார். ஒரே ஊர், ஒரே மதியம், ரெண்டு குடியரசு.

ரெண்டு நாள்ல போர்நிறுத்தம். வலதுசாரிகள் உடனே ஒரு கதை கட்டினாங்க. ராணுவம் தோக்கலை, உள்ளூர் ஆட்களே முதுகுல குத்திட்டாங்கன்னு. குடியரசு கொண்டு வந்தவங்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்'னு பட்டம். தேதி வெறுப்போட சின்னமா மாறினது இங்கதான்.

1923. அந்த வெறுப்பை முதலீடா வச்சு ஹிட்லர் மியூனிக் நகரத்துல ஒரு பீர் மண்டபத்துல, நவம்பர் 8 ராத்திரி, கூரையைப் பார்த்துத் துப்பாக்கியால சுட்டு 'புரட்சி ஆரம்பிச்சாச்சு'ன்னு அறிவிச்சார். மறுநாள் ஊர்வலம் போனாங்க. போலீஸ் சுட்டது. நாலு போலீஸ்காரங்க செத்தாங்க. அந்தப் பக்கம் செத்தவங்க 16 பேர்னு நாஜிகள் கணக்கு வச்சுக்கிட்டாங்க. ஹிட்லருக்கு 5 வருஷம் தண்டனை, உள்ள இருந்தது 1924 டிசம்பர் வரைக்கும்தான்.

1933ல ஆட்சிக்கு வந்ததும் அந்த 16 பேர் 'தியாகிகள்' ஆனாங்க. வருஷா வருஷம் நவம்பர் 8, 9 ரெண்டு நாளும் கட்சியோட பழைய ஆட்கள் எல்லாரும் மியூனிக்ல கூடறது, ஹிட்லர் அதே மண்டபத்துல பேசறதுன்னு திருவிழா மாதிரி ஆக்கிட்டாங்க.

இந்தக் கூட்டத்தை மனசுல வச்சுக்கிட்டு 1938க்கு வாங்க. ஜெர்மனில இருந்த போலந்து யூதர்கள் ஆயிரக்கணக்கானவங்களை எல்லைக்குத் துரத்தி விட்டிருந்தாங்க. அதுல ஒரு குடும்பத்துப் பையன், 17 வயசு கிரின்ஷ்பான், பாரிஸ்ல ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருத்தரை நவம்பர் 7 அன்னிக்கு சுட்டான். அவர் செத்தது நவம்பர் 9 சாயங்காலம். சேதி போன நேரத்துல தலைவர்கள் அத்தனை பேரும் மியூனிக்ல ஒரே கூரைக்குக் கீழ விருந்துல இருக்காங்க. கோயபல்ஸ் எழுந்து பேசினார். அவங்கவங்க தங்கள் ஊருக்குப் போன் போட்டாங்க. அவ்வளவுதான். 1400க்கு மேல யூதக் கோயில்கள் நாசம், சுமார் 7500 கடைகள் சூறை, சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாமுக்கு. அதுக்கு மேல யூதர்கள் மேலயே நூறு கோடி மார்க் அபராதம்!

அந்தத் தேதிக்குத் திருவிழா இல்லைன்னா அத்தனை பேரும் அன்னிக்கு ஒரே இடத்துல இருந்திருக்க மாட்டாங்க. கொடுமை வேற ஒரு நாள், வேற ஒரு வழியில நடந்திருக்கும்தான். ஆனா ஒரே ராத்திரில நாடு முழுக்கப் பரவினதுக்கு அந்தக் காலண்டருக்கும் பங்கு உண்டு.

இதே காலண்டரை எதிர்ப்பக்கம் பயன்படுத்தினவர் ஒருத்தர் இருக்கார். கியோர்க் எல்சர், ஒரு சாதாரணத் தச்சர். ஹிட்லர் நவம்பர் 8 அன்னிக்கு அந்த மண்டபத்துக்கு எப்படியும் வருவார்னு தெரியும் இல்லையா? 1939ல முப்பது ராத்திரிக்கு மேல உள்ளயே ஒளிஞ்சிருந்து, தூணைக் குடைஞ்சு வெடிகுண்டு வச்சார். மூடுபனி காரணமா ஹிட்லர் சீக்கிரமே பேச்சை முடிச்சுட்டு ரயிலுக்குக் கிளம்பிட்டார். குண்டு வெடிச்சது 13 நிமிஷம் கழிச்சு. செத்தது எட்டுப் பேர், ஹிட்லர் தப்பிச்சாச்சு. எல்சரை 1945 ஏப்ரல்ல, போர் முடிய ஒரு மாசம் இருக்கும்போது, டாஹாவ் முகாம்ல சுட்டுக் கொன்னாங்க. 13 நிமிஷம்... நினைச்சாலே பகீர்னு இருக்கு.

கடைசியா 1989. இதுதான் அசல் தற்செயல். கிழக்கு ஜெர்மனி அரசு புதுப் பயண விதிகளை நவம்பர் 10 அதிகாலை 4 மணிக்கு வெளியிடறதா இருந்தது. முதல் நாள் சாயங்காலம் பத்திரிகையாளர் கூட்டத்துல ஷபோவ்ஸ்கி கைல இருந்த தாளைப் படிக்கறார். 'எப்போ அமலுக்கு வருது?'ன்னு கேட்டாங்க. மனுஷன் தாளைப் புரட்டிட்டு, உடனடியாத்தான்னு சொல்லிட்டார்! டிவில பார்த்த ஜனம் சுவரை நோக்கி ஓடுச்சு. போர்ன்ஹோல்மர் தெரு சோதனைச்சாவடில இருந்த அதிகாரி யேகருக்கு மேலிடத்துல இருந்து தெளிவா ஒரு உத்தரவும் வரலை. ராத்திரி பதினொன்றரை வாக்கில கதவைத் திறந்துவிட்டார். 28 வருஷச் சுவர், ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாம கதை முடிஞ்சது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஷபோவ்ஸ்கி சொன்னபடி காத்திருந்தா சுவர் திறந்த நாள் நவம்பர் 10. ஜெர்மனி அதைத் தேசியத் திருநாளா வச்சு ஆட்டம் பாட்டம்னு கொண்டாடியிருக்கலாம். ஆனா விழுந்தது 9ல. 1938ல கோயில்கள் எரிஞ்ச ராத்திரி எப்படிப் பட்டாசு வெடிக்கறது? அதனால தேசிய நாளா அக்டோபர் 3 வந்தது, 1990ல ரெண்டு ஜெர்மனியும் சட்டப்படி சேர்ந்த நாள். உணர்ச்சியே இல்லாத ஆபீஸ் தேதின்னு அங்கேயே சிலர் குறைப்பட்டுக்கறாங்க.

எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்கு. ஒரு தேதியைத் திருவிழாவாக்கி, வருஷா வருஷம் கூட்டம் கூட்டி, கோபத்தை ஆறாம வச்சிருந்தா என்ன ஆகும்னு 1938ல பார்த்த நாடு அது. தங்களோட மிகப்பெரிய சந்தோஷத்துக்குக்கூட அதே தேதியில மேடை போட வேணாம்னு விட்டுட்டாங்க.