அஸ்கிரிய மைதானம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டைச் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்காகக் கொள்ளும் மரபு எம்மிடையே வலுவானது. ரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963 இல் வெளியிட்ட தமது நூலில் மேற்கிந்தியக் கிறிக்கெற்றைக் குடியேற்றவாதம், இனம், வர்க்கம் ஆகியவற்றோடு இணைத்து ஆராய்ந்து அம்மரபினை மறுத்தார். அந்நோக்கினைத் துணைக்கொண்டு கண்டி அஸ்கிரிய மைதானத்தின் வரலாற்றை அணுக முனைவோம்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் தொடர்பான சட்டம் மலைநிலத்தைப் பெருந்தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது. கோப்பியும், 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலையும், தமிழகத்துக் கூலி உழைப்பின்மீதே எழுந்தன. இப்பொருளாதாரமும் அதனைக் காத்த நிருவாகமும் ஆங்கிலங் கற்ற இடைநிலை வகுப்பொன்றை வேண்டி நின்றன. 1872 இல் திருச்சபை மிஷனரிச் சங்கம் நிறுவிய திரித்துவக் கல்லூரியை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த வண. ஏ. ஜி. பிறேசர் சிக்கலானதொரு மனிதர். பேரரசின் மதிப்பீடுகளில் ஊறிய அவரே தாய்மொழிக் கல்விக்கும் பாடசாலையில் இடந்தேடினார். அவரது முயற்சியால் குன்றின் சரிவு வெட்டிச் சமப்படுத்தப்பட்டு, 1915 ஜனவரியில் மைதானம் திறக்கப்பட்டது. அதிபரின் பெயரை நினைவுகூரும் வரலாறு, மண் சுமந்தோரின் பெயர்களைச் சொல்வதில்லை.

அவ்வாண்டின் மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் பிற மாகாணங்களுக்கும் பரவியது. தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விசாரணையின்றியும் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விதிக்குப் பணிதலையும் நடுவர் தீர்ப்பை ஏற்றலையும் ஆடுகளத்தில் கற்பித்த அதே ஆட்சி, களத்துக்கு வெளியே தனது விதிகளையே இடைநிறுத்தியது. குடியேற்றவாத ஒழுக்கவியலின் இரட்டைத்தன்மை இங்கு தெளிவாகின்றது.

1981 இல் இலங்கை ரெஸ்ற் தகுதி பெற்றது. புதுப்பிக்கப்பட்ட அஸ்கிரியவில் 1983 ஏப்ரல் 22 ஆம் திகதி அவுஸ்திரேலியாவுக்கெதிரான முதலாவது ரெஸ்ற் ஆரம்பமாயிற்று. ஒரு பாடசாலையின் சொத்தான மைதானம் தேசத்தின் மேடையாயிற்று. ஆனால் மூன்று மாதங்களில், அதே ஆண்டின் ஜூலையில், அத்தேசத்தின் தமிழர்கள் வேட்டையாடப்பட்டனர். மேடையிற் காட்டப்பட்ட ஒருமைப்பாடு எத்துணை மெலியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2007 டிசெம்பர் 3 ஆம் திகதி, இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 விக்கெற்றுகளை முத்தையா முரளிதரன் கடந்தது இங்கேயே. புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவரான அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அத்தகையோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய பிரச்சினைக்கு 2003 இலேயே சட்டத்தீர்வு கிட்டியது.

எனவே அச்சாதனை மலையகத்தார்க்குத் தந்த பெருமிதம் பொருளுடையதே. அதனை ஏளனஞ் செய்வது வறட்டுவாதமாகும். எனினும் முரளிதரன் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தோட்டத்தை விட்டுத் தொழில்முனைவுக்கு நகர்ந்த சிலரின் பாதை, கொழுந்து பறிக்கும் பலருக்குத் திறந்திருக்கவில்லை. தனிமனித வெற்றியை ஒரு வர்க்கத்தின் விடுதலையாகக் காட்டுவது, அவ்வர்க்கத்தின் கோரிக்கைகளை மறைப்பதற்கே உதவும்.

அந்த ரெஸ்ற்றே அஸ்கிரியவின் இருபத்தொன்றாவதும் இறுதியுமான ரெஸ்ற்றாயிற்று. 2009 இல் பல்லேகலையில் புதிய அரங்கு எழுந்தபின் சர்வதேச ஆட்டங்கள் அங்கு சென்றன. அஸ்கிரிய மீண்டும் கல்லூரியின் மைதானமாக நிற்கின்றது. பேரரசும் புதிய தேசமும் அதனைத் தத்தம் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகப் பயன்படுத்தின. தோட்டத் தொழிலாளர் பலர் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கு விளையாடவும் ஓய்ந்திருக்கவும் நிலமும் நேரமும் கிடைக்கும்போதே இவ்வரலாறு முழுமை பெறும்.