அயல்நாட்டு மிஷனரி ஆசிரியர்: ஆயத்தமும் பயிற்சியும்

திருச்சபையோ மிஷன் சங்கமோ பிற நாட்டுக்கு அனுப்பிவைக்கும் கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியரை மிஷனரி ஆசிரியர் என்பர். குருப்பட்டம் பெற்றுப் பிரசங்க பீடத்தில் நிற்பவர் வேறு, கரும்பலகையின் முன் நிற்பவர் வேறு. சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டை அனுப்பிவைத்த சங்கங்கள் உணர இருநூறு ஆண்டுகள் பிடித்தன. இறையியல் படித்தவருக்குப் பாடம் நடத்தத் தானாகவே வரும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நல்ல மனம் இருந்தால் போதும், மொழி அங்கே போய் வந்துவிடும் என்றும் நம்பினார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளும் எப்படித் தளர்ந்தன என்பதே இப்பயிற்சியின் வரலாறு.

மணலில் எழுதிய பாடம்

புராட்டஸ்டண்டு மிஷனரிகளில் இந்தியாவுக்கு முதலில் வந்தவர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூச்சோவும். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிவைக்க, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கால்வைத்தனர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளிகளின் பக்தி மரபில் வந்தவர்கள் அவர்கள். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. சீகன்பால்கு செய்தது இன்றைக்கும் வியப்பானது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரச்செய்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். அனுப்பிய நாடு தராத பயிற்சியை வந்த ஊரின் சிறுவர்கள் தந்தார்கள்.

ஹாலே இதிலிருந்து பாடம் கற்றது. தமிழகத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ச் அங்கே தமிழ் கற்பித்தார். 1750இல் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் கப்பல் ஏறும் முன்பே அவரிடம் தமிழ் படித்தவர்.

மணலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் விடுதியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். அவர்கள் மனம்வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வைத்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறை இப்படி ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. பெல் 1797இல் இதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் லண்டனின் பரோ ரோடு பள்ளியில் இதையொத்த முறையைப் பெரிய அளவில் நடத்தி, அதற்கு ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். எழுதக் காகிதம் வாங்க வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கேயும் மணல் பரப்பிய மேசைகளே. கடல் கடக்கவிருந்த மிஷனரிகள் சிலர் புறப்படும் முன் லண்டனின் இத்தகைய பள்ளிகளில் தங்கி முறையைக் கற்றுக்கொண்டனர். திண்ணைப் பள்ளியிலிருந்து போன ஒன்று ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் உலகமெல்லாம் ஏற்றுமதியானது. பெல் கண்ட அந்த உள்ளூர்ப் பள்ளி வாத்தியாரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.

செமினரிகள்

19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளை உருவாக்கவென்றே தனி நிலையங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் டேவிட் போக் நடத்திய பயிலகம், சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் செமினரி, 1825இல் திறந்து 1915 வரை நடந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் இஸ்லிங்டன் கல்லூரி ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. தச்சர், நெசவாளர், கடைச் சிப்பந்தி எனப் பலரும் வேதாகமமும் கிரேக்கமும் இறையியலும் கற்று வெளியே வந்தார்கள். வகுப்பறை நடத்துவது எப்படி என்பது பாடத்திட்டத்தின் ஓரத்திலேயே கிடந்தது. கோஸ்போர்ட்டில் படித்த ராபர்ட் மோரிசன் நல்ல விதிவிலக்கு. லண்டனில் தங்கியிருந்த சீனர் ஒருவரிடம் சீனமும், கூடவே மருத்துவமும் வானியலும் கற்ற பிறகே 1807இல் கப்பலேறினார்.

மவுண்ட் ஹோலியோக்

ஆசிரியப் பணியையே நடுவில் வைத்த பயிற்சியைப் பெண்களுக்கான கல்வி நிலையம் ஒன்றில்தான் காண்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், சவுத் ஹாட்லி ஊரில் மேரி லயன் 1837 நவம்பர் 8 அன்று திறந்த மவுண்ட் ஹோலியோக் செமினரி அது. தொடக்கத்தில் சுமார் 80 மாணவியர். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர். அந்தக் காலத்துக்கே அது குறைந்த தொகை. வேலைக்காரர் வைக்காமல் சமைப்பது, துவைப்பது, பெருக்குவது அனைத்தையும் மாணவியரே செய்ததால்தான் அது கட்டுபடியாயிற்று. விவசாயி வீட்டுப் பெண்ணும் வேதியியலும் தாவரவியலும் படிக்க முடிந்தது.

மேரி லயன் சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடே மிஷனரி ஆசிரியைக்கு மிகச் சிறந்த பயிற்சியாகவும் அமைந்தது. இங்கே படித்தவருக்கு ஒரு விடுதிப் பள்ளியைக் காலை மணியடிப்பதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை தனியே நடத்தத் தெரியும். ரொட்டிக்கு மாவு எவ்வளவு, துவைக்க எத்தனை பேர், எந்த நேரத்தில் எந்த வேலை என்பதெல்லாம் கைப்பழக்கம். இறையியல் செமினரியில் படித்த ஆண்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

இங்கே ஆசிரியையாக இருந்த பிடிலியா பிஸ்க், பாரசீகத்தின் ஊர்மியா மிஷனுக்கு ஆசிரியை தேவை என்ற அழைப்பு வந்தபோது போக விரும்பினார். தாயின் சம்மதம் வேண்டும். 1843ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மேரி லயனும் அவரும் ஏறத்தாழ 30 மைல் பனியில் வண்டியோட்டி, இரவு வெகுநேரம் கழித்து வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கியவர்களை எழுப்பிப் பேசினார்கள். சம்மதம் கிடைத்தது. மார்ச் மாதமே பாஸ்டனில் கப்பல் ஏறினார். ஆயத்தத்துக்குக் கிடைத்தவை சில வாரங்கள். உண்மையான ஆயத்தம் அதற்கு முந்தைய ஆண்டுகளில் முடிந்திருந்தது.

ஊர்மியாவில் பெண்பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே தங்கவைத்துப் படிக்கவைப்பது அங்கிருந்த சமூகம் கேள்விப்படாதது. அங்கிருந்த கிறிஸ்தவர்களின் நெஸ்தோரியச் சபையின் ஆயர் மார் யோகன்னான் இரண்டு சிறுமியரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பிஸ்கிடம் ஒப்படைத்த பிறகே விடுதி தொடங்கியது. சிறுமியர் பேன் பிடித்த தலையோடு வந்தார்கள், கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்திகளையும் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார்கள். பிஸ்க் 1858இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பும் வரை அந்தப் பள்ளி ஹோலியோக்கின் அச்சிலேயே நடந்தது. தென்னாப்பிரிக்காவின் வெல்லிங்டனில் 1874இல் திறந்த ஹியூகெனாட் செமினரியும் அதே அச்சு. மேரி லயனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு ஆண்ட்ரூ மரே என்ற போதகர் ஆசிரியைகள் வேண்டுமென்று எழுத, அபி பெர்குசன், அன்னா பிளிஸ் என்ற இரு பழைய மாணவியர் கப்பலேறினர். ஊருக்கு ஏற்பப் பள்ளியை மாற்றாமல், தாம் படித்த பள்ளியையே பெயர்த்து நட்டது இம்முறையின் குறை என்றும் சொல்லவேண்டும்.

தேர்வும் நிபந்தனைகளும்

விண்ணப்பதாரர் தம் ‘அழைப்பு’ பற்றி எழுதித் தரவேண்டும். அதாவது, இந்தப் பணிக்குக் கடவுள் தம்மை அழைத்ததாக எப்படி, எப்போது உணர்ந்தார் என்ற வாக்குமூலம். சபைப் போதகரின் சான்றும் மருத்துவரின் சான்றும் அதோடு போகும். உடல்நலத்தைக் காட்டி மறுக்கப்பட்டவர்களில் பிற்காலத்தில் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேலும் ஒருவர். சீனாவுக்கு அனுப்ப முடியாது என்று சங்கம் ஒன்று திருப்பியனுப்பிய அவர், தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். மருத்துவச் சான்று எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

மணமாகாத பெண்களை அனுப்பச் சங்கங்கள் தயங்கின. ஐந்து ஆண்டுக்குள் திருமணம் செய்துகொண்டால் பயணச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் இருந்தது. யாழ்ப்பாணம் உடுவில் பெண்கள் பாடசாலைக்கு 1840இல் வந்த எலைசா அக்னியூ இப்படித் தயங்கிய காலத்தில் வந்தவர். நியூயார்க்கில் எட்டு வயதில் பூகோள வகுப்பில் இருந்தபோது, மொரீஷியஸ் தீவில் அடக்கம் செய்யப்பட்ட இளம் மிஷனரி ஹாரியட் நியூவெல்லின் கதையைக் கேட்டு, தாமும் போவதென்று தீர்மானித்ததாகக் கூறுவர். பெற்றோர் உயிரோடு இருந்தவரை வீட்டைவிட்டு அசையவில்லை. 32 வயதில் வந்தவர் 1879 வரை தலைமையாசிரியையாக இருந்தார்; ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தனர். தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1883இல் இலங்கையிலேயே இறந்தார்.

ஆசிரியப் பயிற்சி சொற்பமாகவே கிடைத்தது. பதினோரு வயதிலேயே டண்டி நகர நூற்பாலையில் வேலைக்குப் போன மேரி ஸ்லெசர், 1876இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாருக்கு ஆசிரியையாகப் போகும் முன் எடின்பரோவில் பெற்றது மூன்று மாதப் பயிற்சி.

மொழி

போய்ச் சேர்ந்த பின் முதல் ஓரிரு ஆண்டுகள் மொழிக்கே. தமிழ்நாட்டில் முன்ஷி என்று அழைக்கப்பட்ட தமிழாசிரியர் அன்றாடம் வந்து பாடம் சொல்வார். ஆண்டு முடிவில் மிஷன் தேர்வு வைக்கும். எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. தேறாதவருக்கு முழுப் பொறுப்பு கிடைக்காது. ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேடும் ஆர்டனின் இலக்கணமும் இப்படித் திணறியவர்களுக்காக எழுந்த நூல்களே. நகரப் பண்டிதரிடம் செந்தமிழ் கற்றுவிட்டுக் கிராமத்துப் பிள்ளைகளின் பேச்சு புரியாமல் விழித்தவர்கள் ஏராளம்.

கத்தோலிக்கத் துறவற சபைகளில் இந்தப் பயிற்சி நவசந்நியாசத்தோடு, அதாவது துறவறப் புகுமுகப் பயிற்சிக் காலத்தோடு, பின்னியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், பின்னாளில் அன்னை தெரசா ஆன ஆக்னஸ் பொயாஜியூ. 1928இல் ஸ்கோப்யே நகரிலிருந்து அயர்லாந்தின் லொரேட்டோ மடத்துக்குப் போனது முக்கியமாக ஆங்கிலம் கற்க. இந்தியாவில் லொரேட்டோ சகோதரிகள் ஆங்கிலத்தில் கற்பித்தார்கள். அயர்லாந்தில் இருந்தது சில வாரங்களே. 1929இல் இந்தியா வந்து டார்ஜிலிங்கில் நவசந்நியாசம் முடித்தார், வங்காளமும் கற்றார். பிறகு கல்கத்தா எண்டாலியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பள்ளி ஆசிரியை. பூகோளம் அவர் கற்பித்த பாடங்களில் ஒன்று.

எடின்பரோவும் பின்னும்

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டின் ஐந்தாம் ஆணையம் மிஷனரிகளின் ஆயத்தத்தை மட்டுமே ஆராய்ந்தது. மொழியியல், பிற சமயங்களின் ஒப்பாய்வு, கற்பித்தல் முறை, சமூகவியல் ஆகியவற்றில் முறையான படிப்பு வேண்டும் என்று கூறியது. அடுத்த ஆண்டே பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் பயிற்சிக்கெனக் குழுக்கள் அமைந்தன. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆனி ஸ்மால் எடின்பரோவிலேயே 1894 முதல் பெண்களுக்கான மிஷனரி பயிற்சி நிலையத்தை நடத்திவந்தார். விரிவுரை கேட்பதைவிட ஒன்றாக வாழ்ந்து கற்பதற்கே அவர் முதலிடம் கொடுத்தார்.

பாடத்திட்டம் திருத்தித் தீராத குறை ஒன்றை அதே மாநாட்டில் எடுத்துக் கூறியவர் திருநெல்வேலித் தமிழர் வி. எஸ். அசரியா. வெளிநாட்டு மிஷனரிகள் பொருளைத் தருகிறார்கள், உயிரையும் தருகிறார்கள், நட்பைத் தருவதில்லை என்ற கருத்தில் அவர் பேசியது அவையில் பலருக்கு உறுத்தியது. வந்த ஊராரோடு ஒரே பந்தியில் உட்காரக் கற்றுத்தரும் செமினரி எதுவும் அன்று இல்லை.

இன்றைய நிலை

இப்போது பெரும்பாலான சங்கங்கள் கல்வியியல் பட்டமோ, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் சான்றிதழோ எதிர்பார்க்கின்றன. கூடவே ஓராண்டு வேதாகமப் படிப்பு, உளவியல் சோதனை, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஆகியவை வரும். புறப்படும் முன் தம் மாதச் செலவைத் தாங்கும் ஆதரவாளர்களைச் சபை சபையாகச் சென்று தாமே தேடிக்கொள்ளவேண்டிய நிலை பலருக்கு உண்டு. சிலருக்கு இதற்கே இரண்டு ஆண்டுகள் போய்விடும். போகுமிடம் இரண்டு வகை: உள்ளூர்ப் பிள்ளைகளின் பள்ளி, அல்லது கென்யாவின் கிஜாபேயில் 1906இல் தொடங்கிய ரிப்ட் வேலி அகாடமி போல மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி.

சமயப் பரப்புரைக்குத் தடையுள்ள நாடுகளுக்கு ஆங்கில ஆசிரியர் என்று மட்டும் சொல்லிப் போவது பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. விசாவில் எழுதாத நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் போவது மாணவனிடம் சொல்லும் முதல் பொய்யாகிவிடும் என்ற எதிர்ப்பே வலுவானது. இந்தியாவில் மிஷனரிக்கென்று தனி விசா உண்டு. வேறு விசாவில் வந்து சமயப் பணி செய்வது விதிமீறல்.

தமிழர் அனுப்பியவர்கள்

அமெரிக்க ஆசிரியர்கள் வந்துபோன யாழ்ப்பாணத்தில், அங்கே படித்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்களே தம் பணத்தில் ஒரு சங்கம் அமைத்துக் கடலுக்கு இக்கரையில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது இதை நேரில் கண்ட அசரியா, ஊர் திரும்பி மற்றவர்களோடு சேர்ந்து 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். அது நிஜாம் ஆட்சிப் பகுதியின் தோர்ணக்கல்லைப் பணிக்களமாகத் தேர்ந்தது. பிறரை அனுப்பிவிட்டு இங்கே இருந்துவிடவில்லை அவர். 1909இல் தாமே அங்கே போய், 35 வயதில் தெலுங்கு படித்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே காலமானார்.