கப்பர்நகூம் வீடுகள்

கலிலேயக் கடலின் வடகரையில் யூத மீனவரும் உழவரும் வாழ்ந்த பழங்கால வீடுகள். பிரான்சிஸ்கத் துறவிகள் கோர்போவும் லோஃப்ரெதாவும் 1968இல் தொடங்கிய அகழாய்வு இவற்றை விரிவாக வெளிக்கொணர்ந்தது. சுவர்கள் கருநிறப் பாறையான பசால்ட்டால் ஆனவை. கூரை, மரச்சட்டங்களின்மேல் கிளைகளும் மண்ணும் பரப்பியது. அறைகள் சிறியவை, இருண்டவை. உள்சுவரில் வரிசையாகச் சாளரங்கள் விட்டு அடுத்த அறைக்கு வெளிச்சம் கடத்தினார்கள். எளியோரின் கட்டடக்கலையில் இது உண்மையிலேயே அழகான தீர்வு.

வாழ்க்கை பெரும்பாலும் முற்றத்தில்தான் நடந்தது. உறவுக் குடும்பங்கள் சில அதைப் பகிர்ந்துகொண்டன. மாவரைக்கும் திரிகை, ரொட்டி சுடும் அடுப்பு, மாடிப்படி எல்லாம் அங்கேயே. சுண்ணாம்புக்கல் குவளைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது: மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைக்க வேண்டும், கல்லுக்கோ தீட்டு ஒட்டாது என்பது யூத நெறி. கோடை இரவுகளில் தட்டையான கூரையே படுக்கையிடம். அதற்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என யூத மறைநூலான உபாகமம் கட்டளையிடுகிறது.