நோக்கத்துக்கு எடை உண்டா? அமெரிக்க அரசமைப்பில் ஆயுதமும் பதிப்புரிமையும்

அமெரிக்க அரசமைப்பு ஓர் உரிமையைச் சொல்லும்போது அது எதற்காக என்பதையும் சேர்த்தே சொல்லும் இடங்கள் சிலவே. 1787இல் எழுதப்பட்ட பதிப்புரிமைக் கூறு, அறிவும் பயன்கலைகளும் வளர்வதற்காக, ஆசிரியர்க்கும் கண்டுபிடிப்பாளர்க்கும் வரையறுத்த காலத்துக்குத் தனியுரிமை வழங்கக் காங்கிரசுக்கு அதிகாரம் தருகிறது. 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம், சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்குபட்ட குடிப்படை தேவை என்று தொடங்கி, மக்களின் ஆயுத உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. அரசமைப்பை யாத்தோரின் கருத்தே அளவுகோல் என்போர், அவர்கள் தம் கையாலேயே எழுதிவைத்த நோக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. நோக்கவுரை உரிமையை அழிக்காது. ஆனால் உரிமையின் எல்லை ஐயத்துக்கு உள்ளாகும் இடத்தில் அதுவே வழிகாட்ட வேண்டும். இவ்விரண்டையும் பற்றிய இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் தவறவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1790ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுகள் பதிப்புரிமை தந்தது. ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் கிடைத்தன. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதை வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் என்றாக்கி, முன்பே வெளிவந்த படைப்புகளுக்கும் 20 ஆண்டுகள் கூட்டியது. இதை எதிர்த்த எல்ட்ரெட் வழக்கில் (2003), அறிவு வளர்ச்சிக்கு எது உதவும் என்பதைக் காங்கிரசே தீர்மானிக்கலாம் என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் எழுதி முடித்து இறந்தும்போன ஒருவரை எந்த நீட்டிப்பும் இனி எழுதத் தூண்டாது. அதன் பயன் வாரிசுகளுக்கும் உரிமையை வாங்கிய நிறுவனங்களுக்குமே போய்ச் சேர்கிறது. கலைஞருக்குத் தம் படைப்பின்மீது உண்மையான ஆளுகை தருபவை வேறு: கைமாற்றிய உரிமையை 35 ஆண்டுகளுக்குப்பின் மீட்க வழிசெய்த 1976ஆம் ஆண்டுச் சட்டமும், ஓவியம், சிற்பம் போன்றவற்றைச் சிதைப்பதற்கு எதிராக உரிமை தந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையவை.

ஆயுத உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில் (2008) ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஸ்காலியா, குடிப்படை பற்றிய முன்பகுதி பின்பகுதியைச் சுருக்காது என்றார். ஐயம் தீர்க்க அது உதவலாம் என்பதை மட்டும் ஒப்பினார். அந்த விதியையே எல்ட்ரெட் வழக்குக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? ‘வரையறுத்த காலம்’ எவ்வளவு நீளலாம் என்பது வெளிப்படையான ஐயம். அதைத் தீர்க்க வேண்டியது முன்பகுதியே. அந்த வழக்கிலோ ஸ்காலியா பெரும்பான்மையோடு நின்றார். ஸ்டீவன்ஸ், பிரேயர் என்ற இருவரும் இரு வழக்குகளிலும் மாறுபட்டார்கள்.

பதிப்புரிமைக் கூறு அதிகாரம் வழங்குவது, இரண்டாம் திருத்தம் அதிகாரத்தைத் தடுப்பது; இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்கலாம். வேறுபாடு உண்மைதான். ஆயினும் அது எல்ட்ரெட் தீர்ப்பையே மேலும் பலவீனமாக்குகிறது: வழங்கிய அதிகாரத்தை அதன் நோக்கம் இன்னும் இறுக்கமாகவே கட்டும். அக்கூறு அதிகாரமும் வரம்பும் ஒருங்கே ஆனது என்று 1966இல் கிரஹாம் என்னும் காப்புரிமை வழக்கில் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நோக்கத்தை ஏற்றால் தனியார் ஆயுத உரிமையே மறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டம் உறுப்பினர் தம் துப்பாக்கியைத் தாமே வாங்கி வைத்திருக்கப் பணித்தது. வீட்டில் ஆயுதம் இருப்பது அந்த நோக்கத்துக்கு உடன்பாடானதே. எந்த ஆயுதம் என்பதில்தான் நோக்கம் எல்லை வகுக்கும். 1939இல் மில்லர் வழக்கு குட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி அந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது.

ஆயுத உரிமையை விரித்தாலும் சுருக்கினாலும், பதிப்புரிமையை நீட்டினாலும் குறைத்தாலும், ஒரே முறை இரண்டுக்கும் பொருந்த வேண்டும். வேண்டிய இடத்தில் எடுக்கப்பட்டு, வேண்டாத இடத்தில் விடப்படும் மூலநோக்கு, அதாவது யாத்தோரின் கருத்தே அளவுகோல் என்னும் கொள்கை, விளக்க முறை என்னும் தகுதியை இழந்துவிடுகிறது.