பெயர் ஒன்று போதும்

ஒரு பெண் கணவனை விட்டு வெளியேறும்போது கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்த்தாலே, அவள் எப்படி வாழ்ந்தாள் என்பது ஓரளவு விளங்கிவிடும். நகைப்பெட்டியோடு போகிறவளுக்கு யோசிக்க அவகாசம் இருந்திருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவளுக்குப் போய்ச் சேரப் பிறந்த வீடாவது இருக்கும். 1976-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து டினா டர்னர் என்ற பாடகி ஓடி வந்தபோது, அவரிடம் 36 சென்ட் சில்லறையும் ஒரு பெட்ரோல் கம்பெனியின் கடன் அட்டையும் மட்டுமே இருந்தன.

கணவர் ஐக் டர்னர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், காரிலேயே அடி விழுந்திருந்தது. அன்று டினா திருப்பி அடித்தார். அத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை. வீங்கிய முகத்தோடு, லாரிகள் பாய்ந்து செல்லும் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறத்தில் தெரிந்த மற்றொரு ஹோட்டலில் போய் நின்று, பணம் இல்லை, ஓர் அறை வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த மானேஜர் அறை கொடுத்தார். மூன்று நாள் கழித்து அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடிற்று.

இந்த வாழ்க்கையை 1993-இல் சினிமாவாக எடுத்தார்கள். ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’ என்று பெயர். காதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பொருள். டினா 1986-இல் கர்ட் லோடர் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதிய சுயசரிதையை வைத்து, பிரையன் கிப்ஸன் டைரக்ட் செய்த படம். டினாவாக ஏஞ்செலா பாஸெட்டும் ஐக்காக லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் நடித்தார்கள். இருவர் பெயரும் ஆஸ்கார் பரிசுக்குப் போயிற்று. படம் பார்த்தவர்கள் அடிக்கும் காட்சிகளையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் மறப்பதில்லை. என் மனத்தில் தங்கியது வேறொரு காட்சி. அது கோர்ட்டில் நடக்கிறது. சொத்து எதுவும் வேண்டாம், என் பெயரை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண் கேட்கிறாள். சிறிய காட்சிதான். ஆனால் அந்தக் கோரிக்கையின் கனம் தெரிய வேண்டுமானால், 1951-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

ஐக் டர்னர் அப்போது பத்தொன்பது வயதுப் பையன். மிஸிஸிப்பி மாகாணத்துக்காரர், கருப்பர். சொந்தமாக ஒரு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார். அந்தக் கோஷ்டி மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போய், சாம் ஃபிலிப்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ராக்கெட் 88’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. ராக் அண்டு ரோல் என்று பின்னால் உலகத்தையே ஆட்டிவைத்த சங்கீதத்துக்கு அதுதான் முதல் தட்டு என்று சொல்லுகிற விமர்சகர்கள் இன்றும் உண்டு. தட்டு அமோகமாக விற்றது. ஆனால் அதன் மேல் ஐக்கின் பெயர் இல்லை! கோஷ்டியில் ஸாக்ஸபோன் வாசித்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பாடியும் கொடுத்த ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரைத்தான் கம்பெனி அச்சிட்டிருந்தது. பிரென்ஸ்டன் கிடைத்த புகழோடு தனியாகப் போய்விட்டார். பெயர் என்பது ஒரு சொத்து, அதை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களே முதலாளி என்ற பாடத்தை ஐக் அன்று கற்றுக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வஞ்சிக்கப்பட்டவன் நியாயஸ்தனாக மாறுவான் என்று நாம் ஆசைப்படுகிறோம். பல சமயம் அவன் வஞ்சனையின் சூத்திரத்தை மட்டும் கற்றுக்கொள்கிறான்.

டினாவின் சொந்தப் பெயர் ஆனா மே புல்லக். 1939-இல் பிறந்தவர். டென்னஸி மாகாணத்தில் நட்புஷ் என்ற, பருத்திக் காடுகள் சூழ்ந்த குக்கிராமத்தில் வளர்ந்தார். பதினோரு வயதில் தாய், தகப்பனோடு வாழ முடியாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பாட்டியின் நிழலில் இருந்த சிறுமி, பாட்டியும் இறந்த பிறகு, தாய் இருந்த செயிண்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே 1957 வாக்கில், ஓர் இரவு விடுதியில் ஐக்கின் கோஷ்டி இடைவேளை விட்டிருந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியைப் பிடித்துப் பாடினாள். அந்த ஒல்லி உடம்பிலிருந்து வந்த குரலைக் கேட்டு ஐக் பிரமித்துப் போனார் என்பது பிரசித்தமான கதை.

1960-இல் ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஏற்பாடாயிற்று. பாட வேண்டிய ஆண் பாடகர் வரவில்லை. தற்காலிகமாக இந்தப் பெண் பாடட்டும், பிறகு அழித்துவிட்டு அவர் குரலை ஏற்றிக்கொள்ளலாம் என்று பாட வைத்தார்கள். அழிக்க வேண்டிய அந்தக் குரலே தட்டாக வெளிவந்து விற்றது. ஆனால் தட்டின் மேல் ஆனா மே புல்லக் என்ற பெயர் இல்லை. ‘ஐக் அண்டு டினா டர்னர்’ என்று இருந்தது. சிறு வயதில் ஐக்குக்குப் பிடித்திருந்த ‘ஷீனா’ என்ற காட்டு ராணிக் கதையின் சாயலில் ‘டினா’ என்று வைத்தாராம். அப்போது அவர்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே குடும்பப் பெயர் வந்துவிட்டது!

அந்தப் பெயரை ஐக் சட்டப்படி தம் பேரில் பதிவு செய்துகொண்டார். இந்தப் பெண்ணும் பிரென்ஸ்டனைப் போல ஓடிப் போனால், வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து ‘டினா டர்னர்’ என்று நிறுத்திக் கச்சேரி நடத்தலாம் அல்லவா? கடைக்காரர் போர்டை மாற்றாமல் ஆளை மாற்றுவது போலத்தான். இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் முதல் அடி விழுந்தது என்றும், ஷூவின் வடிவம் கெடாதிருக்க உள்ளே வைக்கும் மரக்கட்டையால் அடித்தார் என்றும் டினா தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஆக, பெயரும் அடியும் சேர்ந்தே வந்தன.

அதன் பிறகு பதினாறு வருஷம். மேடையில் கரகோஷம், மேடைக்குப் பின்னால் கைகலப்பு. 1966-இல் ஃபில் ஸ்பெக்டர் என்ற பிரபல தயாரிப்பாளர் டினாவை வைத்து ஒரு பாட்டுப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுக் கூடத்தின் பக்கமே வரக் கூடாது என்று ஐக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். தட்டில் மட்டும் வழக்கம்போல ஐக்கின் பெயரே முன்னால் வந்தது. 1968-இல் டினா தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கி உயிரை விடப் பார்த்தார். உலகத்துக்கு இவையெல்லாம் தெரியாது. ஜோடியாகச் சிரிக்கும் போட்டோக்கள்தாம் தெரியும்.

விவாகரத்து 1978 மார்ச்சில் முடிவாயிற்று. வீடு, பணம், ஒலிப்பதிவுக் கூடம் எல்லாவற்றையும் டினா விட்டுக் கொடுத்தார். இரண்டு கார்களும், தாமே எழுதிய பாட்டுகளின் உரிமைத் தொகையும், ‘டினா டர்னர்’ என்ற பெயரும் அவர் பங்குக்கு வந்தன. இங்கே ஒரு கேள்வி எழும். அடித்தவன் சூட்டிய பெயர்தானே? அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாய் தகப்பன் வைத்த பெயருக்கே திரும்பியிருக்கலாமே? நானும் யோசித்தேன். பெயரை வைத்தவர் ஐக்தான். ஆனால் பதினாறு வருஷம் தொண்டை கிழியப் பாடி அந்தப் பெயருக்கு மதிப்புச் சேர்த்தது யார்? குத்தகைக்காரன் உழுது உழுது பொன் விளையும்படி ஆக்கிய நிலம் யாருடையது என்ற பழைய வழக்குத்தான் இது. டினா தம் உழைப்பைக் கேட்டார். அது அந்தப் பெயருக்குள் இருந்தது.

சினிமா இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஒரே தாவாகத் தாவி வெற்றிக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் வேறு வழி இல்லை என்பது உண்மைதான். கதை எழுதுகிறவனுக்கும் இரவில் தப்பி ஓடுவதே உச்சக் கட்டமாகத் தோன்றும். ஆனால் வாழ்க்கையில் கணக்கு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஓடிப் போனதால் ரத்தான கச்சேரிகளுக்கெல்லாம் நஷ்ட ஈடு கேட்டு ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள். அந்தக் கடன் டினாவின் தலையில் விழுந்தது. பெயர் அவருடையது என்றால் பெயரின் மேல் இருந்த கடனும் அவருடையதாயிற்றே! ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உணவுச் சீட்டை வாங்கிக் குடும்பம் நடத்தினார். ஹோட்டல் விடுதிகளில் பாடினார். டெலிவிஷன் வினோத நிகழ்ச்சிகளில் தலை காட்டினார். நாற்பது வயதான கருப்பர் பாடகியின் காலம் முடிந்துவிட்டது என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் கருதிய நாட்கள் அவை. ஓடி வந்து எட்டு வருஷம் கழித்து, 1984-இல், ‘பிரைவேட் டான்ஸர்’ இசைத்தட்டு வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தபோது டினாவுக்கு வயது 44. அந்தப் பாட்டின் தலைப்புத்தான் பின்னால் சினிமாவுக்கும் ஆயிற்று. 1988-இல் ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய 1,80,000 பேர் கூடி அவர் பாட்டைக் கேட்டார்கள். தட்டிலும் மேடையிலும் இப்போது ஒரே பெயர்தான்.

சினிமாவுக்காகப் பழைய பாட்டுகளை டினாவே மறுபடி பாடிக் கொடுத்தார். படத்தின் கடைசியில் நிஜ டினாவே மேடையில் தோன்றுகிறார். ஆனால் 1993-இல் வெனிஸ் படவிழாவில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, தாம் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை என்றார். பட்ட அடியை மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? இதைப் படிக்கும்போது எழுத்தாளர் என்ற முறையில் எனக்கு உறைக்கிறது. பிறர் துன்பத்தை நாம் கதையாக்குகிறோம்; கண்ணீர் விட்டுப் படித்ததாகக் கடிதங்கள் வருகின்றன. அந்தத் துன்பத்தை அனுபவித்தவருக்கு அதில் என்ன ஆறுதல்?

ஒன்று சொல்லலாம். மறைவில் நடந்தது வெளியே தெரிந்தது. அதன் விளைவை ஐக்கே உணர்ந்தார். 1999-இல் அவரும் ஒரு சுயசரிதை எழுதினார். அறைந்ததையும், குத்திக் கீழே தள்ளியதையும் அதில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அடித்துத் துன்புறுத்தினேன் என்று மட்டும் சொல்லக் கூடாதாம்! அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு, ‘என் பெயரைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று பொருள்படுவது.

ஐக் 2007-இல் காலமானார். டினா 2023 மே மாதத்தில், ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச்சுக்கு அருகே ஓர் ஏரிக்கரை வீட்டில், 83-ஆவது வயதில் காலமானார். ‘ராக்கெட் 88’-ஐ உருவாக்கிய மனிதரை இன்று பலருக்கு அறிமுகப்படுத்த வேண்டுமானால், டினா டர்னரின் முன்னாள் கணவர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.