கல்வெட்டில் இல்லாத குற்றவாளி

“ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?” என்று வகுப்பிலே கேட்டேன். விருதுநகர்ப் பிள்ளைகள் விடை சொல்லச் சளைப்பவர்கள் அல்லர். “நந்தினி!” என்று ஒரே குரலில் முழங்கினர். ஒருவன் எழுந்து, “பழுவேட்டரையர் மனைவி, ஐயா! மயக்கியே கெடுத்தவள்” என்று விளக்கமும் தந்தான்.

வரலாற்றுப் பாடவேளையிலே கிடைத்த விடை இது! பிள்ளைகளைக் குறை கூறுவானேன்? 1950 முதல் 1954 வரை கல்கி வாரந்தோறும் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ வீட்டுக்கு வீடு புகுந்த கதை. 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகப் படமாகவும் வந்தது.

நந்தினி என்றொருத்தி சோழர் வரலாற்றிலே இல்லை, தோழர்களே! இருப்பவர் வேறு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரிலே, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிச் சுட்டுகிறது: சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், மற்றொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது உயர்பணியிலிருந்த அந்தணர்க்குச் சோழர் வழங்கிய பட்டம். இவர்தம் உடைமையும் உறவினர் உடைமையும் பறிமுதல் செய்யப்பட்டன. பின்னின்று தூண்டியவர் யார் என்பதிலே அறிஞரிடை வழக்கு உண்டு. உத்தம சோழனை ஐயுற்றார் நீலகண்ட சாத்திரியார், அதை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். இருவருமே ஒரு பெண்ணைக் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை.

கதையிலும் இரவிதாசன் வருகிறான், சோமனும் வருகிறான். ஆனால் அவர்கள் வெறும் ஏவலர்! கொன்ற கை எது என்பதை மூடுபனியில் விட்ட ஆசிரியர், கேட்டின் மூலம் எது என்பதில் மட்டும் ஐயம் வைக்கவில்லை. பெண்ணின் வஞ்சம்! அவளுக்கும் ஒரு துயரம் தந்திருக்கிறார், மறுப்பதற்கில்லை. காலில் விழுந்து மன்றாடியும் கேளாமல் வீரபாண்டியன் தலையைக் கொய்தவன் கரிகாலன். ஆயினும் என்ன? வெட்டியவன், நினைந்து நினைந்து உருகும் வீரன். வெட்டுண்டவனுக்காக அழுதவளோ நச்சுப் பாம்பு! பழிவாங்குதல் ஆணுக்கு மறமாம், பெண்ணுக்குச் சூழ்ச்சியாம். எந்த நாட்டு நீதி இது?

கற்பனைப் பெண்ணுக்குத்தானே இக்கதி என்று எண்ணிவிட வேண்டா. நம் வட்டாரமும் அடங்கிய மதுரை அரசை 1689 முதல் 1706 வரை ஆண்டாள் மங்கம்மாள். மகன் மாண்டான், பேரனோ கைக்குழந்தை, அவன் பெயரால் ஆட்சி நடத்தினாள். இன்றும் தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் வழங்குகிறது; மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே அவள் சத்திரம் நிற்கிறது. ஊர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்! கைமறதியாக இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டாளாம். அந்தப் பாவம் தீரவே சாலையும் சத்திரமும் சமைத்தாளாம்! திருமலை நாயக்கர் மகால் கட்டியது எந்தப் பாவம் தீர என்று எவரேனும் கேட்டதுண்டா?

பேரன் விசயரங்க சொக்கநாதன் வளர்ந்ததும் அவளைச் சிறையிலிட்டுப் பட்டினியால் சாகடித்தனர் என்பது வழிவழிச் செய்தி. உணவைக் கண்ணில் காட்டி, கைக்கு எட்டாமல் வைத்தனராம். அரியணைக்காக நிகழ்ந்த கொடுமை என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். ஆனால் கதை கட்டிய வாய் அரியணைப் பக்கம் திரும்பவில்லை. அமைச்சன்மீது ஆசை வைத்தாள், அதனால் அழிந்தாள் என்கிறது! பேரன் செய்த பிழைக்குப் பாட்டியின் படுக்கையறையிலே காரணம் தேடினர். பதினேழு ஆண்டு ஆட்சியை ஒரு வதந்தி விழுங்கிற்று.

மறுநாள், கரும்பலகையில் மூன்று பெயர்களையும் எழுதிப் போட்டேன். அதே மாணவன் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்தான்.

“இரவிதாசன் நந்தினியின் ஆள்தானே, ஐயா?”